தலைநகர் கிளப்களே ஏன் வெல்கின்றன? கால்பந்து லீக் ஆதிக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்கிரேடு, மொன்டேவீடியோ, லிஸ்பன், ஏதென்ஸ், கெய்ரோ ஆகிய நகரங்களின் கிளப்கள் தத்தம் நாட்டு முதல் டிவிஷனைப் பல தலைமுறைகளாகக் கைக்குள் வைத்திருக்கின்றன. பெர்லினுக்கும் ரோமுக்கும் அங்காராவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பட்டங்களின் எண்ணிக்கை எல்லாம் 2024–25 பருவம் முடிந்த நிலவரப்படி.

தலைநகர் கிளப்களின் ஆதிக்கம் உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

சில நாடுகளில் மூச்சுமுட்டும் அளவுக்குப் பெரியது. உருகுவேயின் முதல் டிவிஷன் பட்டத்தை மொன்டேவீடியோவுக்கு வெளியே உள்ள எந்தக் கிளப்பும் இதுவரை வென்றதில்லை. யூகோஸ்லாவியா சிதறிய 1992க்குப் பிறகு செர்பியக் கிளப்கள் ஆடும் லீக்கில் பட்டம் வென்றவை மூன்றே: ரெட் ஸ்டார், பார்ட்டிசான், 1998இல் ஒரே ஒருமுறை ஒபிலிச். மூன்றும் பெல்கிரேடைச் சேர்ந்தவை. கிரீஸில் 1928 முதல் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் ஏதென்ஸ்–பிரேயஸ் பகுதியைத் தாண்டிப் போன பட்டங்கள் மொத்தமே 8. பாஓக் 4, ஆரிஸ் 3, லாரிஸா 1. (பிரேயஸை ஏதென்ஸோடு சேர்த்துப் பேசினால் ஒலிம்பியாகோஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். துறைமுக நகரான அது தனி நகராட்சிதான். ஆனாலும் இரண்டும் ஒட்டிக் கிடக்கும் ஒரே பெருநகரம் என்பதால் சேர்த்தே கணக்கிடுகிறேன்.)

போர்ச்சுகல் கொஞ்சம் வேறு மாதிரி. 91 பட்டங்களில் லிஸ்பனுக்கு 60: பென்ஃபிகா 38, ஸ்போர்ட்டிங் 21, பெலனென்சஸ் 1. மிச்சமுள்ள 31ம் போர்ட்டோ நகருக்கு. மூன்றாவது நகரம் என்ற ஒன்றே அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதியா?

நிச்சயமாக இல்லை. ஜெர்மனியின் முதல் டிவிஷனான பூண்டஸ்லிகா 1963இல் தொடங்கியது முதல் பெர்லின் கிளப் ஒன்றுகூட அதை வென்றதில்லை. இத்தாலியில் ரோம் நகரின் ரோமாவுக்கு 3, லாசியோவுக்கு 2 பட்டங்கள். டூரின் நகரின் யுவென்டஸ் ஒன்றே 36 வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குக் கடைசியாகப் பட்டம் வந்தது 1960இல், ஹார்ட்ஸ் மூலம். அங்கே ஆட்சி எடின்பரோவில், கால்பந்து கிளாஸ்கோவில். பிரேசிலின் தேசியப் பட்டத்தை பிரேசிலியா கிளப் எதுவும் தொட்டதே இல்லை.

தலைநகராக இருப்பது காரணமா, பெரிய நகரமாக இருப்பது காரணமா?

பெரும்பாலான நாடுகளில் இரண்டும் ஒரே நகரம் என்பதால் பிரித்துப் பார்ப்பது கடினம். பிரித்துக் காட்டும் நாடு துருக்கி. 1923 முதல் தலைநகர் அங்காரா. ஆனால் மக்களும் வணிகமும் துறைமுகமும் இஸ்தான்புலில். பெஷிக்டாஷ் (1903), கலாட்டாசராய் (1905), ஃபெனர்பாச்சே (1907) மூன்றும் ஒட்டோமான் காலத்திலேயே அங்கே வேர் பிடித்துவிட்டன. 1959இல் தேசிய லீக் தொடங்கியபிறகு அதை வென்றவை ஆறு கிளப்கள்தான். நான்கு இஸ்தான்புலைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும் கருங்கடல் ஓரத்து ட்ராப்சோன்ஸ்போரும் 2010இல் ஒருமுறை வென்ற பூர்சாஸ்போரும். அங்காரா பூஜ்யம்.

அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, தலைநகருக்கு முதல் டிவிஷனில் ஒரு கிளப் இல்லையே என்று ஆட்சியாளர்களுக்கு உறுத்தியது. 1981இல் இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டே துருக்கிக் கோப்பையை வென்றது அங்காராகுஜு. அந்தக் கோப்பையையே காரணமாக்கி அதை மேலே ஏற்றினார்கள். ஏறியது, பட்டம் வெல்லவில்லை. ஆணை போட்டு லீக்கில் இடம் கொடுக்கலாம், நூறாண்டு ரசிகர் கூட்டத்தைக் கொடுக்க முடியாது.

ஆக, நாடாளுமன்றக் கட்டடம் கோல் அடிப்பதில்லை. பணமும் மக்களும் போக்குவரத்தும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதுதான் அடிப்படை. அந்த இடம் தலைநகராகவும் இருந்துவிட்டால் தலைநகர் ஆதிக்கம் என்று பெயர் வைக்கிறோம்.

குவிப்பு மட்டும்தான் காரணமா?

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பல நாடுகளில் “தேசிய லீக்” என்று இன்று அழைக்கப்படுவது, தொடக்கத்தில் தலைநகரின் உள்ளூர் லீக்தான். பெயர்ப் பலகையை மாற்றினார்கள், அவ்வளவே.

ஹங்கேரியைப் பாருங்கள். 1901இல் தொடங்கிய சாம்பியன்ஷிப்பில் புடாபெஸ்டுக்கு வெளியிலிருந்து முதல் சாம்பியன் வந்தது 1944இல்தான். அதுவும் போர்க்காலத்தில் ஹங்கேரியிடம் இருந்த, இன்று ருமேனியாவில் ஒராடியா என்ற பெயரில் இருக்கும் நாட்யவாராட் நகரம். அடுத்த வெளியூர்ச் சாம்பியனுக்கு, கியோர் நகரின் கிளப்புக்கு, 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அர்ஜென்டினா இன்னும் வெளிப்படை. 1891இல் தொடங்கிய லீக்கில் புவெனஸ் அயர்ஸும் அதன் சுற்றுப்புறங்களுமே ஆடின. ரொசாரியோ நகரின் இரு பெரிய கிளப்களை 1939இல் உள்ளே விட்டார்கள். நாட்டின் மற்ற நகரங்களுக்கு வழி திறந்தது 1967இல், “நாசியோனல்” என்ற தனிப் போட்டியை உருவாக்கியபோது. நான்கே ஆண்டுகளில், 1971இல், ரொசாரியோ சென்ட்ரல் அதை வென்றது. புவெனஸ் அயர்ஸ் நகரும் அதே பெயருள்ள மாகாணமும் தவிர்த்த பகுதிக்கு அதுதான் முதல் பட்டம். பெருவில் தேசிய லீக் பிறந்தது 1966இல். அதுவரை லிமாவும் கயாவோவும் தமக்குள் ஆடி, வென்றவரை நாட்டின் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டிருந்தன. பத்தாண்டு கழித்து 1976இல் யூனியன் உவரால் வெல்லும்வரை அந்த மாநகருக்கு வெளியே பட்டம் போகவில்லை.

உருகுவேயில் தலைநகருக்கு வெளியே உள்ள கிளப்கள் முதல் டிவிஷனுக்குள் கால்வைத்ததே 1990களின் கடைசியில். மொன்டேவீடியோவின் பெரிய கிளப்களான பெனாரோலும் நாசியோனலும் நூறாண்டாகச் சேர்த்த ரசிகர், கோப்பை, மைதானம், வீரர் விற்பனைத் தொடர்புகள் எல்லாவற்றையும் எதிர்த்து இப்போது வந்தவர்கள் போட்டியிட வேண்டும். பந்திக்கு முந்தியவர்கள் சாப்பிட்டு முடித்தபிறகு இலையைப் போட்டு, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று சொல்வது போன்றது இது. வெளியூர்ச் சிறுவர்களும் பெனாரோல், நாசியோனல் என்றே பிரிந்து நின்று வளர்கிறார்கள். ஊர் கிளப் முதல் டிவிஷனுக்கு வரும்போது ஊரின் பாசம் ஏற்கெனவே தலைநகருக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஏன் தலைகீழாக நடந்தது?

அதே காரணத்தால்தான். 1888இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 கிளப்களில் 6 லங்காஷயரையும் 6 மிட்லண்ட்ஸ் பகுதியையும் சேர்ந்தவை. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. பருத்தி ஆலைகளும் சுரங்கங்களும் இரும்புப் பட்டறைகளும் இருந்த இடத்தில், சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை கிடைத்த தொழிலாளர்கள் காசு கொடுத்து ஆட்டம் பார்த்தார்கள். அந்தக் காசில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1885இல் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமானபோதும் லண்டன் கால்பந்துக் கனவான்களுக்கு அது பிடிக்கவில்லை. 1891இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கிளப்பான ராயல் ஆர்சனல் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும், லண்டன் சங்கம் அதைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. இரண்டு ஆண்டு கழித்து ஆர்சனல் வடக்கத்தியர்களின் லீக்கில் சேர்ந்தது. தெற்கிலிருந்து சேர்ந்த முதல் கிளப் அதுதான்.

லண்டனுக்கு முதல் லீக் பட்டம் 1931இல் ஆர்சனல் வழியாக வந்தது. லீக் தொடங்கி 43 ஆண்டு. அதைக் கொண்டுவந்த ஹெர்பர்ட் சாப்மன், யார்க்‌ஷயரின் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு 1924, 1925 பட்டங்களை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். வடக்கின் மூளையைச் சம்பளம் கொடுத்துத் தெற்கே வரவழைத்தார்கள் என்றே சொல்லலாம். தலைநகர்ச் சலுகை எப்படிப்பட்டது என்பதற்கும் அந்தக் கதையில் ஒரு சான்று இருக்கிறது: மைதானத்துக்கு அருகிலிருந்த சுரங்க ரயில் நிலையத்தின் பெயரையே 1932இல் ஆர்சனல் என்று மாற்ற வைத்தார்கள். காசு செலவில்லாமல் லண்டன் முழுவதும், ஒவ்வொரு ரயில் வரைபடத்திலும் விளம்பரம்.

ஆனாலும் ஆர்சனல் 13, செல்சீ 6, டாட்டன்ஹாம் 2 என்று லண்டன் முழுவதும் சேர்ந்து 21 பட்டங்கள்தான். லிவர்பூல் கிளப்புக்கு மட்டும் 20, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் 20.

லண்டனில் அவ்வளவு மக்கள் இருந்தும் ஏன் ஒரே கிளப் எல்லாவற்றையும் வெல்வதில்லை?

மக்கள் அதிகம், கிளப்களும் அதிகம். 2024–25 பிரீமியர் லீக்கின் 20 கிளப்களில் 7 லண்டன் கிளப்கள். ரசிகர், விளம்பரதாரர், இளம் வீரர் எல்லாவற்றையும் ஏழாகப் பங்கிட வேண்டும். கீழ் டிவிஷன்களில் இருக்கும் லண்டன் கிளப்களின் பங்கு வேறு. பெல்கிரேடிலும் சிறு கிளப்கள் பல உண்டு. ஆனால் அங்கே பாசம் இரண்டாகத்தான் பிரிகிறது.

பாரிஸில் எதிர்ப்பே இல்லாத ஒரே பெரிய கிளப் இருந்தும் ஏன் நீண்ட காலம் சாதிக்கவில்லை?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் மக்கள்தொகை வாதத்தை இது தனியாளாகச் சாய்க்கிறது. பிரான்சில் தொழில்முறை லீக் 1932இல் தொடங்கியது. பாரிஸுக்குக் கிடைத்தது 1936இல் ராசிங் கிளப் வென்ற ஒரு பட்டம். பிறகு அரை நூற்றாண்டு ஒன்றுமில்லை. பாரிஸ் சாங்-ஜெர்மன் பிறந்ததே 1970இல்தான்; ஐரோப்பியப் பெரிய கிளப்களோடு ஒப்பிட்டால் குழந்தை. அது 1986லும் 1994லும் லீக்கை வென்றது. நாற்பது ஆண்டுகளில் 2.

2011இல் கத்தார் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. அதன்பின் 14 பருவங்களில் 11 பட்டங்கள், 2025இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். நகரம் மாறவில்லை, மக்கள்தொகை மாறவில்லை, தலைநகர் அந்தஸ்தும் அப்படியேதான் இருந்தது. பணம் மட்டும் மாறியது.

இடைப்பட்ட காலத்தில் பாரிஸ் புறநகர்கள் வீரர்களை வளர்த்து உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. போண்டியில் வளர்ந்த எம்பாப்பே தொழில்முறை வீரரானது மொனாக்கோவில். பாரிஸில் பிறந்து அந்தக் கிளப்பின் இளையோர் அணியிலேயே வளர்ந்த கிங்ஸ்லி கோமான் வேறு ஊருக்குப் போனார். 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பாயர்ன் மியூனிக்குக்காக ஆடி, ஆட்டத்தின் ஒரே கோலைப் பாரிஸுக்கு எதிராக அடித்தார்.

அரசும் ராணுவமும் கிளப்களை நடத்திய நாடுகளில் என்ன நடந்தது?

அங்கே மட்டும் தலைநகர் என்பது நேரடிக் காரணம். சோவியத் யூனியனில் டைனமோ உள்துறைக்கு, சிஎஸ்கேஏ ராணுவத்துக்கு, லோகோமோட்டிவ் ரயில்வேக்கு என்று மாஸ்கோவிலிருந்த ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிளப் இருந்தது. 1936இல் லீக் தொடங்கியதிலிருந்து மாஸ்கோவுக்கு வெளியே பட்டம் போனது முதன்முறையாக 1961இல், டைனமோ கீவ் வழியாக.

இந்த முறை போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பா முழுவதும் பரவியது. 1949இல் புடாபெஸ்டின் கிஷ்பெஷ்ட் கிளப் ராணுவத்தின் கைக்குப் போய் ஹோன்வெட் ஆனது. ராணுவக் கிளப்புக்கு ஒரு வசதி உண்டு: கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் எந்தக் கிளப்பின் வீரரையும் அழைத்துக்கொள்ளலாம். மாற்றுத் தொகை கிடையாது, பேரம் கிடையாது, மறுக்க வழியும் கிடையாது. கிஷ்பெஷ்டிலேயே இருந்த நட்சத்திர வீரர் புஷ்காஷைச் சுற்றி அப்படித்தான் அணி கட்டினார்கள். புடாபெஸ்டின் எம்டிகே கிளப் ரகசியப் போலீஸின் பொறுப்பில் போனது. ருமேனியாவில் ஸ்டௌவா ராணுவத்துக்கு, டினமோ உள்துறைக்கு, இரண்டும் புகாரெஸ்ட்.

உச்சம் கிழக்கு ஜெர்மனி. 1954இல் ட்ரெஸ்டனின் டைனமோ கிளப்பில் ஆடிய வீரர்களை அப்படியே பெயர்த்து கிழக்கு பெர்லினில் கொண்டுவந்து வைத்தார்கள். தலைநகரில் நல்ல அணி இல்லாதது ஆட்சிக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அங்கிருந்து வளர்ந்த பிஎஃப்சி டைனமோ, ரகசியப் போலீஸ் தலைவர் எரிக் மீல்கேயின் ஆதரவில், 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 பட்டங்களை வென்றது. சுவர் விழுந்தது, அந்தக் கிளப் இன்றுவரை ஒருங்கிணைந்த ஜெர்மனியின் முதல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

நடுவர்கள் தலைநகர் கிளப்களுக்குச் சாதகமாக நடந்துகொள்கிறார்களா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். 1986இல் லைப்சிக்கில் நடந்த ஆட்டத்தில், கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் பிஎஃப்சி டைனமோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்து ஆட்டம் சமனானது. நாடே கொதித்தது. நடுவரைத் தடை செய்தார்கள். 2000இல் வேறொரு கோணத்தில் எடுத்த படச்சுருள் வெளியானபோது அந்தப் பெனால்டி சரியான முடிவுதான் என்று தெரிந்தது. அந்தக் கிளப்புக்குப் பொதுவாகச் சலுகை இருந்ததா என்றால், இருந்தது. எல்லோரும் உதாரணம் காட்டிய அந்த ஒரு தீர்ப்பு மட்டும் நேர்மையானது.

ரியல் மாட்ரிட்டின் வெற்றிக்கு ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோதான் காரணமா?

பாதிக் கதை. ரியல் தன் முதல் இரண்டு லீக் பட்டங்களை 1932, 1933இல், குடியரசுக் காலத்தில் வென்றது. ஃபிராங்கோ 1939இல் முழு அதிகாரத்துக்கு வந்தபிறகு நடந்த 14 பருவங்களில் ரியலுக்கு ஒரு லீக் பட்டமும் இல்லை. அதே காலத்தில் பார்சலோனா 5 வென்றது. ஆட்சியின் நிழல் முதலில் விழுந்தது மாட்ரிட்டின் இன்னொரு கிளப்பான அட்லெட்டிகோ மீது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் விமானப்படை அணியோடு இணைக்கப்பட்டு, அட்லெட்டிகோ அவியாசியோன் என்ற பெயரில் 1940, 1941 பட்டங்களை அது வென்றது.

ரியலின் ஏற்றம் 1947இல் திறந்த பெரிய மைதானத்திலும் 1953இல் வந்த அர்ஜென்டினா வீரர் டி ஸ்டெஃபானோவிலும் தொடங்குகிறது. டி ஸ்டெஃபானோவைப் பார்சலோனாவும் வாங்கியிருந்ததும், கூட்டமைப்பு அவரை இருவரும் பருவம் மாற்றிப் பகிர்ந்துகொள்ளச் சொன்னதும், பார்சலோனா விலகிக்கொண்டதும் இன்றும் தீராத வழக்கு. 1956 முதல் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் வரிசையாக வந்தபிறகுதான் ஆட்சி அந்தக் கிளப்பைத் தன் முகமாகப் பயன்படுத்திக்கொண்டது. வெற்றி முதலில், அரவணைப்பு பிறகு.

தலைநகர் ரியலுக்குக் கொடுத்த தெளிவான வரம் நிலம். நகரின் முதன்மைச் சாலையான கஸ்டெயானாவில் இருந்த பயிற்சி வளாகத்தை, நில வகைப்பாடு மாற்றப்பட்டபின், 2000களின் தொடக்கத்தில் விற்றார்கள். கடன் சுமை தீர்ந்தது. உலக நட்சத்திரங்களை வாங்கும் பருவம் பிறந்தது. அந்த இடத்தில் இன்று வானுயர் கோபுரங்கள் நிற்கின்றன. சிறு நகரத்துக் கிளப் ஒன்றின் பயிற்சித் திடலுக்கு அந்த விலையை யார் கொடுப்பார்கள்?

பெர்லினும் ரோமும் ஏன் பின்தங்கின?

இரண்டு நாடுகளுமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒன்றிணைந்தன. அதற்கு முன்பே வலுவான நகரங்கள் பல இருந்தன. தொழிற்சாலைகளும் அவற்றில் பரவின. டூரினில் ஃபியட் குடும்பமான அஞ்ஞெல்லிகள் 1923இல் யுவென்டஸைக் கையில் எடுத்தார்கள். மிலானில் ஆலை முதலாளிகள் இருந்தார்கள். ரோமில் அமைச்சகங்கள் இருந்தன. அமைச்சகம் கிளப் வாங்குவதில்லை.

பெர்லினுக்கு 1930, 1931இல் ஹெர்த்தா வென்ற ஜெர்மன் பட்டங்கள் உண்டு. போருக்குப் பின் நகரம் பிளந்து, மேற்குப் பாதி தீவாகிவிட்டது, நிறுவனங்கள் கிளம்பிவிட்டன. 1890இல் பெர்லினில் பிறந்த காப்பீட்டு நிறுவனம் அலையன்ஸ் 1949இல் மியூனிக்குக்குப் போனது. இன்று அது பாயர்ன் மியூனிக்கின் பங்குதாரர். மைதானத்தின் பெயரே அலையன்ஸ் அரினா. சீமென்ஸும் போருக்குப் பின் பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு இடம்பெயர்ந்தது. நாடு பிளவுபடாமல் இருந்திருந்தால் எந்த நகரத்துக் கிளப் எந்தச் சட்டையில் யாருடைய விளம்பரத்தோடு ஆடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வீரர்களுக்கு விதிமீறிப் பணம் கொடுத்ததற்காக 1965இல் ஹெர்த்தாவை வெளியேற்றினார்கள். பூண்டஸ்லிகாவில் பெர்லின் இல்லாமல் போகக்கூடாது என்ற அரசியல் கவலையில், தகுதி பெறாத டாஸ்மானியா பெர்லினை அழைத்தார்கள். 34 ஆட்டங்களில் 2 வெற்றி. 15 கோல் அடித்து 108 வாங்கியது. அந்த மோசமான சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஒருமுறை மேலே வந்த தலைநகர் கிளப்பை இன்று கீழே இறக்குவது ஏன் கடினமாகிவிட்டது?

ஐரோப்பியப் போட்டிப் பணம். 2024–25இல் சாம்பியன்ஸ் லீக்கின் முதன்மைச் சுற்றுக்குள் நுழைந்தாலே ஒரு கிளப்புக்கு 1 கோடியே 86 லட்சம் யூரோ. வெற்றிக்கும் முன்னேற்றத்துக்கும் தனித்தொகை. இங்கிலாந்துக் கிளப்புக்கு அது சில்லறை. குரோவேஷியா, செர்பியா போன்ற சிறு லீக்கில் அது ஒரு பருவத்தின் போட்டியையே முடித்துவைக்கும் தொகை. போட்டிக் கிளப்பின் நல்ல வீரர்களை அந்தப் பணத்தில் வாங்கி, மறுபடி பட்டம் வென்று, மறுபடி அந்தச் சுற்றுக்குப் போகலாம். குரோவேஷியத் தலைநகரின் டினமோ ஸாக்ரெப் 2006 முதல் 2016 வரை தொடர்ந்து 11 பட்டங்கள் வென்றது. ஆனால் ரியேக்கா அதை 2017லும் 2025லும் தடுத்திருக்கிறது. கடினம், முடியாததல்ல.

சிறு ஊர்க் கிளப் ஒன்று தலைநகரை வீழ்த்திய உதாரணம் உண்டா?

கம்யூனிச ஆட்சி சரிந்த நாடுகளில்தான் அதிகம். காரணம் எளிது: அங்கே தலைநகர் கிளப்களைத் தூக்கிப் பிடித்த ராணுவமும் போலீஸும் கையை விட்டன. அனாதையான அந்த இடத்தில் எந்த ஊர்ப் பணக்காரரும் நுழையலாம்.

பல்கேரியாவில் சோபியாவின் சிஎஸ்கேஏவும் லெவ்ஸ்கியும் பல்லாண்டு பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. சுமார் 30,000 பேர் வாழும் ராஸ்கிராடின் லுடோகோரெட்ஸ் கிளப்பை 2010இல் ஒரு தொழிலதிபர் வாங்கினார். 2012இல், முதல் டிவிஷனில் ஆடிய முதல் பருவத்திலேயே சாம்பியன். அதிலிருந்து 2025 வரை 14 பட்டங்கள், இடைவெளியே இல்லாமல். பெலாருஸில் பொரிசோவ் என்ற ஊரின் பாட்டே கிளப் 2006 முதல் 2018 வரை 13 ஆண்டு மின்ஸ்க் கிளப்களை ஓரங்கட்டியது. மால்டோவா லீக்கில் தலைநகர் கிஷினாவை மறக்கடித்த ஷெரிஃப் டிராஸ்போல், 2021இல் மாட்ரிட்டுக்கே போய் ரியலை 2–1 என்று தோற்கடித்தது.

இதை ஜனநாயகத்தின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நகரத்தின் ஏகபோகம் ஒரு முதலாளியின் ஏகபோகமாக மாறியிருக்கிறது.

தலைநகர் ஆதிக்கத்தை விதி போட்டுத் தடுத்த லீக் ஏதாவது உண்டா?

தென் கொரியா. 2002 உலகக் கோப்பையை ஒட்டி நாடெங்கும் கால்பந்து பரவ வேண்டும் என்று, சியோலில் இருந்த மூன்று கிளப்களையும் 1996இல் அன்யாங், சோனான், புசோன் நகரங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு ஆண்டு தலைநகரில் முதல் டிவிஷன் கிளப்பே இல்லை. 2004இல் அன்யாங் கிளப் எஃப்சி சியோல் என்ற பெயரில் திரும்பியது. அன்யாங் ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் பின்னர் தமக்கென்று புதிய கிளப்பை உருவாக்கிக்கொண்டார்கள். எஃப்சி சியோல் 2010, 2012, 2016இல் வென்றது, ஆனால் லீக் அதன் கைக்குள் போகவில்லை.

ஜப்பானில் 1993இல் ஜே லீக் தொடங்கியபோது 10 கிளப்களில் ஒன்றுகூட டோக்கியோவைச் சேர்ந்ததில்லை. சொந்த ஊரோடு கிளப்பைக் கட்டிப்போடும் கொள்கையை லீக் கறாராகக் கடைப்பிடித்தது. முதல் இரண்டு பட்டங்களை வென்ற வெர்டி, அப்போது கவாசாகி கிளப். 2001இல் அது டோக்கியோவுக்குக் குடிபோனது. டோக்கியோ என்ற முகவரியோடு இன்றுவரை யாரும் முதல் டிவிஷனை வெல்லவில்லை.

ஒளிபரப்புப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டால் சரியாகிவிடாதா?

கொஞ்சம் உதவும். ஸ்பெயினில் 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் உரிமையைத் தனியாக விற்றது, ரியலும் பார்சலோனாவும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. அரசு ஆணை வந்து கூட்டு விற்பனை தொடங்கியபின் இடைவெளி குறைந்தது. பட்டம் வெல்பவர்கள் பட்டியல் மாறவில்லை.

இந்தியாவில் தில்லி கிளப்கள் ஏன் ஆதிக்கம் செலுத்தவில்லை?

கால்பந்து வேர்விட்டபோது தலைநகர் கொல்கத்தா. 1911 ஜூலையில் அந்நகரின் மோகன் பகான் கிளப் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. ஆட்சி போனது, ஆட்டம் அங்கேயே தங்கிவிட்டது. டூரண்ட் கோப்பை பல பத்தாண்டு தில்லியில் நடந்தும், கோப்பையைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். தில்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. தலைநகரிலிருந்து கிளப் வெளியூர் போவது உலகில் அபூர்வம்.

பாரிஸ் போன்ற இடத்தில் போட்டி இனி எங்கிருந்து வரும்?

என் ஊகம், அதே நகரத்திலிருந்து. பணக்காரத் தலைநகர் கிளப்போடு மோத இன்னொரு பணக்காரருக்கும் அதே சந்தைதான் தேவைப்படுகிறது. பாரிஸ் எஃப்சியை 2024இல் ஆடம்பரப் பொருள் வணிகத்தின் பெரும் பணக்காரர்களான அர்னோ குடும்பம் வாங்கியது, சிறுபங்கு ரெட் புல்லுக்கு. அடுத்த ஆண்டே அது முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1990க்குப் பிறகு பிரெஞ்சு முதல் டிவிஷனில் பாரிஸுக்கு இரண்டு கிளப்கள் இருப்பது இதுவே முதல் முறை. பாரிஸ் எஃப்சி ஆடத் தேர்ந்தெடுத்த ஜான் புவான் மைதானம், பாரிஸ் சாங்-ஜெர்மனின் மைதானமான பார்க் தே பிரான்ஸுக்கு எதிரே, தெருவைக் கடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது.